ஒளுவும் ஊதாரித்தனமும்

குழாயை முழுதும் திறந்துவிட்டு ஒளுச் செய்வதே பேணுதல் என்று எண்ணுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். அது பேணுதல் அன்று, ஊதாரித்தனம். இதைச் சொன்னால், "தொழ வந்தவனிடம் தண்ணீர்க் கணக்குக் கேட்பதா?" என்று சினப்போர் உளர். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவன் நான் அல்லேன். நபிகளாரே தொடங்கி வைத்தார்.

முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கணுக்கால் வரை கால்களையும் கழுவுக. தலையை ஈரக்கையால் தடவுக என்பது திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இடும் கட்டளை. நீர் கிட்டாதபோது தூய மண்ணால் தயம்மும் செய்யலாம் என்பதும் அதே வசனத்தில்தான் உள்ளது. நீரே இல்லாவிடினும் தொழுகை நிற்காது என்ற சட்டம், நீர் இருந்தால் கொட்டித் தீர்க்கவா சொல்லும்?

நபிகளார் ஒரு முத்து அளவு நீரால் ஒளுச் செய்தார் என்று அனஸ் அவர்கள் அறிவித்ததை புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. கணக்கிடுவோரிடையே வேறுபாடு இருப்பினும் அது ஒரு லிட்டருக்கு மேற்படாது. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்னும் அறிவிப்பு இப்னு மாஜாவில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அனஸ் அவர்களின் அறிவிப்பில் அந்த ஐயமும் இல்லை.

நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊற்றும் குழாயை 2 நிமிடம் திறந்து வைத்தால் 10 லிட்டர். ஜும்ஆவுக்கு 300 பேர் வந்தால் 3,000 லிட்டர். நபிவழி அளவில் 300 லிட்டரே போதும். மிச்சம் 2,700 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. இதில் நன்மை எங்கே இருக்கிறது?

ஆயக்குடிக்காரனுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பழனி மலையின் வடக்கு அடிவாரம் நம் ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையே தடுத்துக்கொள்கிறது. கொய்யாத் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் இட்டு வேருக்கு வேர் கணக்குப் பார்க்கும் கை, பள்ளிவாசலில் குழாயைத் திறந்ததும் கணக்கை மறந்துவிடுவது என்ன நியாயம்? என் பாட்டியார் ஒரு கெண்டி நீரில் ஒளுவை முடிப்பார். அந்த நீரும் முருங்கை மரத்தடியில்தான் விழும். அவர் தொழுகையில் குறை கண்டவர் எவருமிலர்.

"பழைய ஹவுளுக்கே திரும்பச் சொல்கிறீரா?" என்பர். இல்லை. பலர் கை நனைக்கும் தொட்டியைவிடக் குழாய் சுகாதாரமானது என்பதை ஒப்புகிறேன். நான் கேட்பன மூன்றே: குழாயைப் பாதி திறப்போம், தலை தடவும்போதும் ஓதும்போதும் மூடுவோம், கழிநீரைச் சாக்கடைக்கு விடாமல் மரங்களுக்குத் திருப்புவோம். "எங்கள் ஆழ்துளைக் கிணறு, எங்கள் பணம்" என்பார்க்கு ஒரே விடை: கிணறு உம்முடையதாகலாம், நிலத்தடி நீர் ஊருக்கெல்லாம் பொது.

புறத்தூய்மை நீரால் அமையும், அகத்தூய்மை வாய்மையால் புலப்படும் என்றார் வள்ளுவர். அண்டை வீட்டாரின் குடத்தை வெறுமையாக்கிவிட்டு நாம் பெறும் புறத்தூய்மைக்கு வாய்மை சான்று கூறுமா? அடுத்த வேளைத் தொழுகைக்குக் குழாயில் கை வைக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.