பாதி வசனமும் முழு நியாயமும்

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம்மில் பலர் நாள்தோறும் பயணம் செய்யும் பாதை. அதன் முடிவில் நிற்கும் மலையைத் தோமா என்னும் சீடர் உயிர் துறந்த இடமெனக் கிறித்தவ அன்பர்கள் போற்றுகின்றனர். ஈசா (அலை) அவர்களின் சீடர்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டனர் என்பதற்கு அம்மலையையே சான்றாகக் காட்டுவர். உடனே நம் இளைஞர் மத்தேயு 10ஆம் அதிகாரத்தை விரிப்பர். பிற இனத்தார் பக்கம் செல்லாது இஸ்ரவேலரிடமே செல்லுமாறு சீடர்களுக்கு இடப்பட்ட கட்டளை அங்கே (10:5,6) உள்ளது. வாதம் முடிந்ததென்று நூலை மூடிவிடுவர்.

முடியவில்லை என்கிறோம் நாம்.

அதே மத்தேயுவின் இறுதி அதிகாரம் (28:19) சகல இனத்தாரையும் சீடராக்கும்படி பணிக்கிறது. அதை மறைத்துப் பேசுவது எவ்வகை நேர்மை? தவ்பா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து, அடைக்கலம் தேடுவோருக்குப் பாதுகாப்பளிக்கச் சொல்லும் 6ஆம் வசனத்தை மறைப்போர் மீது நாம் கொதிக்கிறோமே! அந்த அளவுகோல் நமக்கில்லையா?

அப்படியாயின் நம் வாதம் தோற்றதா? இல்லை. இரு வசனங்களையும் எதிரே வைத்துக்கொண்டே கேட்கலாம். முன்னது ஒரு பயணத்திற்கு மட்டுமான கட்டளை, பின்னது அதை விரித்தது என்பது அவர்கள் விளக்கம். நல்லது. விரிந்த கட்டளையைத் தம் செவியாலேயே கேட்டவர் பேதுரு. அத்தகையவர் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் இல்லம் செல்ல ஒரு புதிய தரிசனம் தேவைப்பட்டதேன் (அப்போஸ்தலர் நடபடிகள், 10)? எருசலேம் திரும்பிய அவரை உடன் விசுவாசிகளே குறைகூறியதேன் (11:2,3)? பேதுருவுக்கு விருத்தசேதனமுள்ளோர், தமக்குப் பிறர் எனப் பணி பிரிந்ததாகப் பவுலே கலாத்தியருக்கு (2:7-9) எழுதுவதேன்? தயக்கமெல்லாம் உணவும் விருத்தசேதனமும் பற்றியதே என அவர்கள் மறுமொழி கூறக்கூடும். அதற்கும் செவிசாய்ப்போம். ஆயினும் கட்டளை ஐயத்திற்கிடமின்றி ஒலித்திருப்பின் இத்தனை தயக்கம் எழுந்திராது என்பதே நம் முடிவு. ஈசா நபி பனீ இஸ்ராயீலுக்கு அனுப்பப்பட்ட தூதர் எனத் திருமறை (3:49, 61:6) கூறுவதோடு இது இசைகிறது.

இந்த நேர்மை நம் முன்னோர் வழியே. சூரா யாஸீன் குறிப்பிடும் மூன்று தூதர்கள், அந்தாக்கியாவுக்கு ஈசா (அலை) அனுப்பிய சீடர்கள் என முற்கால விரிவுரையாளர் சிலர் உரைத்தனர். இப்னு கஸீர் (ரஹ்) அதை அப்படியே ஏற்றாரில்லை. அழிக்கப்பட்ட ஊர் எங்கே, ஈசாவை முதலில் ஏற்ற அந்தாக்கியா எங்கே என்று தம்மவர் உரையையே சீர்தூக்கினார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, தோமாவின் அடக்கத்தலத்திற்கு முஸ்லிம்களும் சென்றனர், அவரை 'அவாரியன்' என்றனர் என்று எழுதினார். அது திருமறை வழங்கும் 'ஹவாரீ' என்ற சொல்லே என்பது அந்நூலை ஆய்ந்த ஹென்றி யூலின் கருத்து. தோமா இங்கு வந்தாரா என்பது வேறு வழக்கு. அவர் பெயரிலமைந்த பழைய 'நடபடிகள்' குறிக்கும் கொந்தபோரஸ் மன்னன் ஆண்டது வடமேற்கிலேதான். ஆனால் சீடரை மதிப்பதற்கு இந்த வழக்கின் தீர்ப்புக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் அல்லாஹ்வின் உதவியாளர் எனத் திருமறையே (61:14) சிறப்பித்துள்ளது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு வசனத்தை வீசுமுன் அதன் அதிகாரம் முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். அழகிய முறையில் வாதிடுவது (16:125) நமக்கு இடப்பட்ட கட்டளை. பாதி வசனத்தில் அழகு ஏது?