மலையில் புகை, மாலையில் இடி: கோடைத் தொடக்கத்தில் மதுரை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பங்குனி பிறந்துவிட்டால் பழங்காநத்தத்தில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்ப்பது எனக்கு வழக்கம். நாகமலை தெளிவாகத் தெரிந்தால் காற்று சுத்தம். மலை மங்கித் தெரிந்தால் எங்கோ புல்லோ, வைக்கோலோ எரிகிறது என்று அர்த்தம். இந்த நாட்களில் கிராமங்களுக்குப் போகும்போது விவசாயிகள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். "மலையில் புகை எழும்பினால் மழை வருமா?" என்பது ஒன்று. "மழைக்கு முன்னால் வயலில் தாளைக் கொளுத்திவிடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் கோடை மழையை முழுமையாகப் பயன்படுத்த முடியும்.

2024 காட்டிய பாடம்

2024 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு முழுவதும் கடும் வெயில். கொடைக்கானல் மேல்மலைப் பகுதியில் காட்டுத்தீ பிடித்துப் பல நாட்கள் எரிந்தது. பழனி மலையின் தெற்குச் சரிவில் விழும் மழை மஞ்சளாறு, வராக நதி வழியாக வைகைக்கு வருகிறது. எனவே அங்கே எரிவது நமக்குத் தண்ணீர் தரும் மலை.

அடுத்த சில வாரங்களிலேயே நிலைமை தலைகீழானது. மே மாதத்தின் நடுவில் கோடை மழை வலுத்தது. மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். தீயும் வெள்ளமும் ஒரே கோடையில், ஒரே மாத இடைவெளிக்குள் வந்தன. கோடைத் தொடக்கத்தின் இயல்பே இதுதான். வறட்சியும் மழையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இடைப்பட்ட சில வாரங்களில் நாம் எடுக்கும் முடிவுதான் மண்ணுக்கு லாபமா, நட்டமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இடிமழை எப்படி உருவாகிறது?

மதுரை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. இதில் மார்ச் முதல் மே வரை கிடைக்கும் கோடை மழை சுமார் 150 மி.மீ. வடகிழக்குப் பருவமழைபோல இது நாள் முழுக்கப் பரவலாகப் பெய்யாது. பகல் வெயிலில் தரை சூடாகிறது. சூடான காற்று மேலெழும்புகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் அதோடு சேர்ந்தால் பிற்பகலில் மேகம் கோபுரம்போல் வளர்கிறது. பெரும்பாலும் மேற்கு மலைப்பகுதியில் முதலில் திரண்டு, மாலையில் சமவெளிக்கு நகர்கிறது. அதனால்தான் உசிலம்பட்டியில் கொட்டும் மழை திருமங்கலத்தில் தூறலாகவும், மேலூரில் ஒன்றுமே இல்லாமலும் போகிறது.

புகைக்கும் இந்த மழைக்கும் சம்பந்தமில்லை. வெயிலும் காய்ந்த புல்லும் தீக்கு வழிவிடுகின்றன. அதே வெயில் பின்னர் இடிமேகத்தையும் வளர்க்கிறது. இரண்டும் ஒரே பருவத்தில் வருவதால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருவதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் புகைத்துகள் மிகுந்த மேகத்தில் நீர்த்துளிகள் மிகச் சிறியவையாக உருவாகும். அவை ஒன்றுசேர்ந்து மழைத்துளியாக விழுவது தாமதமாகலாம்.

மாலையில் வைக்கும் தீ அதிகக் கெடுதல் செய்யும். இரவில் தரை குளிர்ந்து, அதன் மேலே உள்ள காற்று சூடாக இருப்பதால் புகை மேலெழ முடியாமல் ஊருக்குள்ளேயே படரும். குழந்தைகள், வயதானவர்கள், இளைப்பு உள்ளவர்கள், கொட்டகையில் கட்டிய மாடுகள் எல்லோரும் விடியும்வரை அதையே சுவாசிக்கிறார்கள். சாலை ஓரத்தில் கொளுத்தினால் வண்டியில் வருபவருக்கு எதிரே வருவது தெரியாது.

தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் நடந்த துயரமே சாட்சி. மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். காயம்பட்ட பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். காய்ந்த புல்லும் சரிவும் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப நேரம் கிடைக்காது. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்போர் புதுப்புல் முளைக்கட்டும் என்று பழைய புல்லுக்குத் தீ வைப்பதை அடியோடு கைவிட வேண்டும். வேலி ஓரத்தில் 10 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக வைத்திருந்தால் வெளியிலிருந்து வரும் தீயும் தோட்டத்துக்குள் எளிதில் நுழையாது.

தாளை ஏன் கொளுத்தக் கூடாது?

விவசாயிகள் விருப்பப்பட்டுக் கொளுத்துவதில்லை என்பது எனக்குத் தெரியும். இயந்திர அறுவடைக்குப் பிறகு வைக்கோல் சிதறிக் கிடக்கிறது, ஆள் கிடைப்பதில்லை, தீக்குச்சிதான் மலிவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 400 கிலோ அங்ககக் கரிமமும் உள்ளன. தீ வைத்தால் இவற்றில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சும் சாம்பல் சத்தையும் கோடைக் காற்று அள்ளிச் செல்லும். மூட்டம் இல்லாத மண்ணில் விழும் முதல் இடிமழை மேல்மண்ணைக் கரைத்துக் கண்மாய்க்குக் கொண்டுபோகும். உரத்துக்கும் நட்டம், ஈரத்துக்கும் நட்டம்.

இதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை:

• சிதறிய வைக்கோலை இயந்திரம் மூலம் கட்டுகளாகக் கட்டி மாட்டுக்கு வையுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இயந்திரத்தை அழைத்தால் வாடகைச் சுமை குறையும்.

• அடித்தாளை அப்படியே விட்டுவிடுங்கள். 20 முதல் 25 மி.மீ. மழை கிடைத்ததும், மண் பதமாக இருக்கும்போது சரிவுக்குக் குறுக்காக உழுது மடக்குங்கள். கூண்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளிடமும் சிக்கி அழியும். கோரைக் கிழங்கும் காயும்.

• தாள் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். அதனால் உழுததற்கும் அடுத்த பயிருக்கும் இடையே குறைந்தது 3 வாரம் விடுங்கள். அந்த ஈரத்தில் தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்தால் பசுந்தாள் உரமும் கிடைக்கும்.

• கரும்புச் சோகையை வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் பரப்புங்கள். களையும் குறையும், தண்ணீரும் மிச்சமாகும்.

வாழையும் மாவும்

இடிமழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றுதான் வாழைக்கு எதிரி. சோழவந்தான், வாடிப்பட்டி பகுதியில் தார் ஈன்ற வாழைகளுக்குச் சவுக்குக் கம்பு அல்லது மூங்கிலை முட்டுக் கொடுத்து, மண் அணைத்து வையுங்கள். காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். இளகிய மண்ணில் மரம் எளிதாகச் சாயும். முற்றிய மாங்காயை மழை எச்சரிக்கை வந்ததும் பறித்துவிடுவது நல்லது. மழை வரும் நாளில் மருந்து தெளிப்பதும் மேலுரம் இடுவதும் காசைக் கரைப்பதாகும்.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள், காப்பீட்டில் அடங்கும் பாதிப்பு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் சொல்லுங்கள்.

உயிர்தான் முதல்

மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்துங்கள். கான்கிரீட் கூரை போட்ட கட்டடத்துக்குள் போங்கள். தனியாக நிற்கும் புளியமரமும் பனைமரமும் பாதுகாப்பல்ல. மோட்டார் அறைக்குள் ஒதுங்கினாலும் ஸ்டார்ட்டரையும் இரும்புக் குழாயையும் தொடக் கூடாது. ஆடு மாடுகளை மரத்தடியிலோ கம்பி வேலியிலோ கட்ட வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வயலில் இறங்குங்கள்.

எந்த ஊரில் எந்த நாள் இடிமழை என்று ஒரு மாதம் முன்பே யாராலும் சொல்ல முடியாது. இந்திய வானிலை ஆய்வு மையம் 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு தருகிறது. 'தாமினி' செயலி அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். 'மேக்தூத்' செயலி வரும் நாட்களின் வானிலையையும் அதற்கேற்ற பயிர் ஆலோசனையையும் சொல்லும். உழவு, தெளிப்பு, அறுவடை ஆகியவற்றைக் காலையில் செயலியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தீ கண்டால் 101, பேரிடர் உதவிக்கு 1077 ஆகிய எண்களை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது இந்தக் கோடை மழையை நம்பித்தான். அந்த மழை வரும்வரை தாள் வயலிலேயே கிடக்கட்டும். சில வாரம் பொறுத்தால் எரித்துச் சாம்பலாக்க நினைத்ததே அடுத்த பயிருக்கு உரமாகும்.