லாபத்தில் 2 சதவீதம் தறிக்குழிக்கு வருமா?

கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு எடுக்கிறோம். கரை பார்க்கிறோம். முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். சரிகையைத் தடவுகிறோம். பேரமும் பேசுகிறோம். "நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்?" என்று யாராவது கேட்டது உண்டா?

பெரிய கம்பெனிகளைக் கேள்வி கேட்கச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால், நாட்டுக்கு நாடு கேள்விதான் வேறு!

நம் நாட்டின் 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம், "லாபத்தில் என்ன கொடுத்தாய்?" என்று கேட்கிறது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்திய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 100-க்கு 2 ரூபாயைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடம் கட்டலாம். குடிதண்ணீர் கொடுக்கலாம். நல்ல காரியம்தான்.

பிரான்சு நாட்டில் 2017-ல் வந்த சட்டமோ, "லாபம் எப்படி வந்தது?" என்று கேட்கிறது. சரக்கு செய்து கொடுக்கும் வெளிநாட்டுப் பட்டறையில் தொழிலாளிக்குத் தீங்கு வராமல் பார்ப்பதும் பெரிய கம்பெனியின் பொறுப்பு. இதற்குத் தூண்டுகோல் ஒரு கோர விபத்து. 2013-ல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் மாண்டனர். அங்கே தைத்த துணிகள் ஐரோப்பியக் கடைகளுக்குப் போனவை.

திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்களின் சங்கம் 2022-ல் ஓர் ஒப்பந்தம் கண்டது. பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் அந்த ஒப்பந்தத்தில், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் கட்டுப்பட்டது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

வீடே பட்டறை

ஆரணியில் பலருக்கு வீடுதான் பட்டறை. முதலாளி பாவும் சரிகையும் கொடுப்பார். கணவன் தறியில் உட்கார்ந்தால், மனைவி நூல் சுற்றுவாள். அவள் உழைப்புக்குத் தனிக் கணக்கு ஏது? அவசரத்துக்கு முன்பணம் வாங்கினால், அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போவது கடினம். எந்தக் கம்பெனியின் நடத்தை விதியும் இந்தத் தறிக்குழிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

சேலையில் தொங்கும் 'சில்க் மார்க்' சீட்டு, பட்டு அசல் என்று சொல்லும். கூலியைப் பற்றிச் சொல்லாது. அதன் பக்கத்திலேயே கூலிச் சீட்டு ஒன்றையும் பெரிய ஜவுளிக் கடைகள் தொங்கவிடட்டும். நெய்ய எத்தனை நாள், கூலி எவ்வளவு, முன்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். "விலை ஏறிவிடும்" என்பார்கள். எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதட்டுமே!