தோலின் வாயிலும் வணிகர் வாய்ச்சொல்லும்

உடலைப் பேணுதல் குற்றமன்று. அழகை விரும்புதலும் இழுக்கன்று. ஆயினும், அவ்விருப்பத்தையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்வோர் கூறும் சொற்களை ஆராயாது ஏற்றல் கற்றோர்க்கு அழகாகாது. 'செல்லுலைட்' என்பதனை நீக்குவன என்று இக்காலத்தில் விற்கப்படும் களிம்புகள் பல. தம் சத்து தோலினுள் ஆழ ஊடுருவும் என்பதே அவற்றுக்குக் கூறப்படும் தலையாய பெருமை. இப்பெருமை மெய்யாயின் அக்களிம்பு மருந்தாகும். மருந்துக்குரிய சோதனைகளுக்கு அஃது உட்படல் வேண்டும். மெய்யன்றாயின் அதனை விற்றல் வஞ்சனையாகும். இவ்விரண்டற்கும் இடையே மூன்றாவது நிலையொன்று இல்லை என்பதே எம் கருத்து.

செல்லுலைட் என்பது யாது? தொடை முதலிய இடங்களில் தோல், ஆரஞ்சுப் பழத்தின் தோல்போலக் குழிகுழியாகத் தோன்றுதலாம். இது நோயன்று. பருவமெய்திய மாதருள் 100க்கு 80 பேர்க்கு மேல் இஃது உண்டு என்பர். உடல் மெலிந்தாரிடத்தும் காணலாம். பிரெஞ்சு மொழிச் சொல்லாகிய இதனை 1968ஆம் ஆண்டில் 'வோக்' என்னும் அமெரிக்க இதழ் ஆங்கிலம் பயில்வாரிடையே பரப்பிற்று. பெயர் வந்தது, பெயரின் பின்னே கவலை வந்தது, கவலையின் பின்னே களிம்பும் வந்தது.

இதன் காரணத்தை 1978ஆம் ஆண்டில் நூர்ன்பெர்கர், முல்லர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் விளக்கினர். தோலை அடியிலுள்ள தசையுறையோடு பிணிக்கும் நார்கள் மாதரிடத்துப் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் இடையே கொழுப்புத் திரள்கள் மேல்நோக்கிப் பிதுங்குகின்றன. ஆடவரிடத்து நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடத்தலின் அவ்வாறு பிதுங்குதல் அரிது. ஆகவே, கொழுப்பின் மிகுதி ஒன்றே இதற்குக் காரணமன்று. நார்களின் அமைப்பும் காரணமாம்.

இனி, களிம்பு செல்லும் வழியை நோக்குவோம். தோலின் புறப்படலம் 10 முதல் 20 மைக்ரான் தடிப்பே உடையது, தலைமயிரினும் மெல்லியது. ஆயினும் அது வலிய மதில். இறந்த உயிரணுக்கள் அதன் செங்கற்கள். அவற்றின் இடையேயுள்ள கொழுப்புப் பொருள்கள் அதன் சாந்து. 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் இம்மதிலைக் கடத்தல் அரிதென்று 2000ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்பார் எடுத்துக் காட்டினர். ஏறத்தாழ 3,00,000 டால்ட்டன் எடையுள்ள கொல்லாஜன் எங்ஙனம் நுழையும்? காப்பிக்கொட்டையிலுள்ள காஃபீனோ 194 டால்ட்டனே ஆதலின் நுழையும். எனினும், நீரில் எளிதிற் கரைவதாகலின் அச்சாந்தினூடே மெல்லவே செல்லும்.

இந்நுழைவை மிகுவிக்க அறிஞர் பல வழிகளைக் கண்டுள்ளனர். பூசிய இடத்தை மூடிவைத்து ஈரமாக்குதல், அழுத்தித் தேய்த்தல், ஆல்கஹாலையோ ஓலியிக் அமிலத்தையோ கலத்தல், லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுள் சத்தை அடைத்தல் என்பன அவற்றுட் சில. இம்முயற்சிகளை யாம் இகழ்கின்றோமல்லோம். பயணத்தில் உண்டாகும் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்னே ஒட்டும் ஸ்கோபாலமின் ஒட்டு 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தோலின் வழியே மருந்து செலுத்தல் கூடும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால், அதன் அளவும், ஒட்டும் இடமும், பயன் தரும் காலமும் சோதித்து அறியப்பட்டன அன்றோ?

களிம்பின் காஃபீன் மதிலைக் கடந்தாலும் அதன் வழி முடிந்துவிடவில்லை. உள்தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனை வாரிக்கொண்டு செல்லும்; எஞ்சியதே கொழுப்பை அடையும். கொழுப்பணுக்களில் கொழுப்புக் கரைவதைக் காஃபீன் தூண்டும் என்பது ஆய்வுக்கூடத்திற் கண்ட உண்மையே. கொழுப்புச் சிறிது சுருங்கினும் நார்கள் நின்றபடியே நிற்கும். வேர் கிடக்க இலையைக் கிள்ளுவதால் யாது பயன்?

'பூசுவதால் தீங்கு இல்லையே. விரும்புவோர் பூசட்டும்' எனச் சிலர் கூறலாம். காஃபீனுக்குத் திறந்த வாயில் காஃபீனுக்கு மட்டுமே திறந்திராது. களிம்பிற் கலந்த நறுமணப் பொருள்களும் பிறவும் அவ்வழியே புகக்கூடும். மேலும், உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றும் நோக்குடையது மருந்தென 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் வகுக்கிறது. இதனையறிந்த வணிகர், சட்டத்தின் செவிக்குத் 'தோற்றத்தைக் குறைக்கும்' என்றும், வாங்குவோர் செவிக்கு 'ஆழ ஊடுருவும்' என்றும் இருவேறு சொற்களை வைத்துள்ளனர். சொல்லின் பொருளை ஆராய்தலையே தொழிலாகக் கொண்ட தமிழ் மாணவராகிய யாம் இதனைக் கண்டும் வாளா இருத்தல் கூடுமோ?

உண்மையாகவே உட்சென்று நார்களை அறுக்கும் ஊசிமருந்தொன்று 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கன்றலும் தோலின் நிறமாற்றமும் கருதி, அதனைச் செய்த நிறுவனமே 2022ஆம் ஆண்டின் இறுதியில் அதனை நிறுத்துவதாக அறிவித்தது. மருந்தெனப் பெயர் பெற்றமையின் அதன் தீங்குகள் கணக்கிடப்பட்டன. அழகுப்பொருளெனும் போர்வையுள் மறைந்திருப்பவற்றின் தீங்கை எண்ணுவார் யார்?

ஆகலின், நண்பர்காள்! ஊடுருவும் என்பாரை நோக்கி, 'எவ்வளவு சத்து, எத்துணை ஆழம், எத்தனை நாழிகை தங்கும்?' என வினவுங்கள். விடை கூறுவாராயின், அவ்விடையை மருந்தாய்வார் முன் வைக்கச் சொல்லுங்கள். கூறாராயின் பணத்தைப் பையிலேயே வையுங்கள். பெரும்பாலான மாதர்க்கு இயற்கை அளித்த உடலமைப்பை ஒரு குறையெனக் காட்டி நாணச் செய்வோர்க்கு நாம் கொடுக்கத்தக்க மறுமொழி இதுவே.