எந்திரம் சொல்லாத கனிமக் கதை

மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. அதன் பிறகு கனிமத் தேடல் என்றாலே ட்ரோன், செயற்கைக்கோள் என்றுதான் பேச்சு. கல்லைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர் அந்தப் பேச்சில் வருவதே அரிது.

டங்ஸ்டன் கிடைக்கும் பாறைகளில் ஸ்கார்ன் முக்கியமானது. தென்கொரியாவின் சாங்டாங், ஆஸ்திரேலியாவின் கிங் தீவு இரண்டும் இந்த வகைதான். கிரானைட் குழம்பு சுண்ணாம்புப் பாறைக்குள் புகும்போது, அதிலிருந்து பிரியும் சூடான நீர்மங்கள் சுண்ணாம்போடு வினைபுரிந்து கார்னெட், டையாப்சைடு, வோலாஸ்டோனைட் என்று புதுக் கனிமங்களை உருவாக்குகின்றன.

வேதிப் பகுப்பாய்வு டங்ஸ்டன் எவ்வளவு என்று சொல்லும். அதைத் தாங்கிய கனிமம் ஷீலைட்டா, வுல்ஃப்ரமைட்டா என்று சொல்லாது. வுல்ஃப்ரமைட்டை வலுவான காந்தத்தால் பிரிக்கலாம், ஷீலைட் அதற்கு மசியாது. ஆலையின் வடிவமே இதனால் மாறும். எக்ஸ்-கதிர் கருவி கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடும், உண்மைதான். ஆனால் அதற்காகக் கல்லைப் பொடியாக்கிய பிறகு, எதை அரித்துக்கொண்டு எது வளர்ந்தது என்பதை எங்கே போய்ப் பார்ப்பது?

0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலில் அது அப்படியே இருக்கும்.

சீவலின் பயன் டங்ஸ்டனோடு முடிவதில்லை. ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்தில் உள்ள பெல்கா பகாரில் வோலாஸ்டோனைட் வெட்டியெடுக்கப்படுகிறது. பீங்கானுக்கும் பெயின்ட்டுக்கும் போவதோடு, கல்நாருக்கு மாற்றாகவும் அது பயன்படுகிறது. ஸ்கார்ன் பாறைகளில் வளரக்கூடிய ட்ரெமோலைட்டும் வெள்ளையாய், நார் நாராய் இருக்கும். அதன் ஒரு வகை கல்நாரேதான்! வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். தளவிளைவு நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியும். வோலாஸ்டோனைட் சாம்பலும் மஞ்சளுமாக அடங்கிய நிறம் காட்டும். ட்ரெமோலைட் நீலம், பச்சை என்று பளிச்சிடும். குறுக்குவெட்டில் ட்ரெமோலைட்டின் பிளவுக் கோடுகள் ஏறத்தாழ 56 பாகையில் சாய்ந்து வெட்டிக்கொள்ளும்.

பாடப்புத்தகத்தை மட்டும் நம்பினாலும் வம்புதான். குறுக்குத் தளவிளைவில் கார்னெட் முழு இருட்டாக இருக்கும் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். ஸ்கார்ன் கார்னெட்டோ பல நேரம் ஒளியும் இருளுமாக வளையம் வளையமாய் மின்னும். பல சீவல்களைப் பார்த்துப் பழகிய கண் மட்டுமே அதைக் கார்னெட் என்று தயங்காமல் சொல்லும்.

அந்தக் கண்ணைத் தேர்வுக்கு முந்தைய வாரச் செய்முறை வகுப்பு தராது. கனிமத் தேடலுக்கு நிதி ஒதுக்குவோர் சீவல் தயாரிக்கும் கூடங்களுக்கும், அவற்றைப் படிக்கப் பழகும் இளைஞர்களுக்கும் அதில் ஒரு பங்கை எழுதி வைக்க வேண்டும்.