கண்ணுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை!

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு)

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் நான் பெற்றது 84 மதிப்பெண். தமிழ் வழியில் பயின்ற ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு அது சிறிய எண்ணன்று. தேநீர்க் கடை முதல் ரேஷன் கடை வரை அப்பா அதைச் சொல்லி மகிழ்ந்தார். அந்த 84-ஐ நெஞ்சில் சுமந்துகொண்டுதான் இக்கல்லூரியின் படிகளில் முதன்முதலாக ஏறினேன்.

ஒரே வாரத்தில் அந்தச் சுமை இறங்கிவிட்டது. ஆங்கிலப் பேராசிரியர் வகுப்புக்கு வந்தார், பாடநூலைத் திறக்கவில்லை. "ஒரு சிறு பத்தியை இருமுறை படிப்பேன். கேட்டுவிட்டு ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுங்கள்" என்றார். பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்கிய ஒரு முதியவரைப் பற்றிய பத்தி அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று என் தாளில் இருந்தவை 'பஸ்', 'மேன்' என்ற இரண்டே சொற்கள். பக்கத்தில் இருந்த நண்பனின் தாளை எட்டிப் பார்த்தேன். அதில் 'பஸ்' மட்டுமே இருந்தது!

பின்னர் அதே பத்தியை அச்சிட்ட தாளில் கொடுத்தார். அதைக் கண்டு நான் திகைத்துப் போனேன். அதில் இருந்த சொற்களில் எனக்குத் தெரியாதவை இரண்டோ மூன்றோதான். மற்ற அத்தனையும் பழகிய சொற்கள். பலமுறை எழுதி மதிப்பெண் வாங்கிய சொற்கள். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தேன். ஆனால் ஆங்கிலத்தைக் கேட்டதே இல்லை.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் ஆண்டு மலரின் பக்கங்களை வீணாக்கியிருக்க மாட்டேன். தமிழ் வழியில் பயின்று இங்கு வந்த நண்பர்கள் பலரின் கதையும் இதுவே. ஆகையால்தான் எழுதுகிறேன்: கேட்டலும் வாசித்தலும் மனப்பாடம் செய்ய இயலாத திறன்கள். அவற்றை மனப்பாடத்தால் கடந்துவிடலாம் என்று நம் தேர்வுப் பயிற்சி நம்மை நம்பவைத்துவிட்டது. அந்த நம்பிக்கையின் விலையைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் செலுத்துகிறோம்.

முதலில் கேட்டலைப் பார்ப்போம். மேல்நிலைப் பாடநூலில் கேட்டல் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. ஆசிரியர் ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், மாணவர் கேட்டு விடை எழுத வேண்டும் என்ற வகையில் அவை அமைந்துள்ளன. ஆனால் பொதுத்தேர்வில் எழுத்துத் தாளுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தாளின் அந்த மூன்று மணி நேரத்தில் காதுக்கு ஒரு நிமிட வேலையும் கிடையாது. தேர்வு எவ்வழியோ படிப்பும் அவ்வழியே. கேட்டல் பயிற்சி வந்ததும், "இது வராது, அடுத்த பக்கம்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர்கள் நாம்.

வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடந்தது உண்மை. ஒரு வரி ஆங்கிலம், அதற்கு மூன்று வரி தமிழ் விளக்கம் என்று நடந்தது. நாமோ ஆங்கிலச் சொற்களின் தலையில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிவைத்துக்கொண்டோம். அதில்தான் சிக்கலே தொடங்குகிறது. கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் சொல்லையும் முதுகில் தட்டிக்கொடுப்பதைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'பேட்' என்று ஒரே மாதிரியாகத்தான் எழுதுகிறோம். நம் பகரம் இடத்துக்கேற்ப ஒலி மாறும் எழுத்து. தமிழுக்கு அது போதும். அது தமிழின் குறையன்று. ஆனால் ஆங்கிலத்தில் அந்த ஒலி மாறினால் பொருளே மாறிவிடும்.

அது மட்டுமா? தமிழில் எழுதியபடி படிக்கிறோம். ஆங்கிலமோ ஓர் அசையை அழுத்திப் பக்கத்து அசையை விழுங்கிவிடும் மொழி. 'காம்ஃபர்ட்டபிள்' என்று நாம் எழுத்தெண்ணிப் படிக்கும் சொல், பேச்சில் 'கம்ஃப்டபிள்' என்று சுருங்கிவிடுகிறது. 'கலோனல்' என்று எழுத்துக் கூட்டத் தோன்றும் சொல்லைக் 'கர்னல்' என்கிறார்கள். இதை எந்த நோட்ஸும் நமக்குக் கற்பிக்காது. கேட்டுக் கேட்டுத்தான் காது பழக வேண்டும்.

இனி வாசித்தலுக்கு வருவோம். "வாசித்தலில் நாங்கள் வல்லவர்கள், பத்தியைக் கொடுத்து வினாக் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவோம்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் இறுமாந்திருந்தேன். கீழே ஒரு வரி தருகிறேன். அன்புகூர்ந்து படியுங்கள்.

"தம்புலன் மிசட்டியில் கொறுவலைத் துமிட்டினான்."

தம்புலன் எதைத் துமிட்டினான்? கொறுவலை. எங்கே துமிட்டினான்? மிசட்டியில். இரண்டுக்கும் முழு மதிப்பெண்! ஆனால் தம்புலன் யார், கொறுவல் என்பது உண்பதா உடுத்துவதா என்று கேட்டால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவை நான் இட்டுக்கட்டிய சொற்கள். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு. அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்தெழுது: இதுதான் நாம் பயின்ற வாசித்தல். சென்ற ஆண்டு என் தங்கை பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பத்தியின் ஐந்து வினாக்களுக்கும் நொடியில் சரியாக விடை எழுதினாள். "பத்தி எதைப் பற்றியது?" என்று கேட்டேன். "அதைக் கேட்க மாட்டாங்கண்ணா" என்றாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்த வழியில் அவளுக்கு முன்னே நடந்தவன் நான்தானே!

1920-களில் டாக்காவில் கல்விப் பணியாற்றியவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். வங்காளத்து மாணவர்களின் இருமொழிக் கல்வியை ஆராய்ந்து 1926-இல் அவர் எழுதிய நூலில் ஆயுள் காப்பீட்டிலிருந்து ஓர் உவமையை எடுத்தாண்டார். காப்பீட்டைப் பாதியில் நிறுத்தினாலும் கட்டிய பணத்துக்கு ஈடாக ஒரு தொகை கைக்கு வருகிறதல்லவா? அதைச் 'சரண்டர் வேல்யூ' என்கிறோம். அதுபோல் ஒரு மாணவன் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும், அதுவரை படித்த ஆங்கிலம் அவனுக்கு எவ்வளவு பயன் தரும் என்று கேட்டார் அவர். அந்நாளைய பள்ளிப் படிப்பில் அது மிகக் குறைவு என்பதே அவர் கண்ட முடிவு. வாசிக்கும் திறனை முதலில் வளர்த்தால் எந்தக் கட்டத்தில் நின்றாலும் மாணவன் வெறுங்கையோடு போக மாட்டான் என்று வாதிட்டார். ஏறத்தாழ நூறாண்டு கழிந்துவிட்டது. என் 84 மதிப்பெண்ணின் சரண்டர் மதிப்பு என்ன? குடையை மறந்த ஒரு முதியவரின் கதையில் இரண்டு சொற்கள்!

மாற்று வழி தேடியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு அவர்கள் தலைமையில் 'பெங்களூர்த் திட்டம்' என்ற முயற்சி நடந்தது. பெங்களூர் மட்டுமன்றிச் சென்னை, கடலூர் பள்ளிகளிலும் வகுப்புகள் நடந்தன. இலக்கணத்தை ஒப்புவிக்கச் சொல்லாமல், இரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்து, "எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போகலாம்?" என்பது போன்ற சிக்கல்களை ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் படித்து விடை காணச் செய்தார்கள். அங்கே சொல்லைப் பெயர்த்தெழுதிப் பயனில்லை. பொருள் புரிந்தால்தான் விடை வரும். கடலூரில் அன்று செய்ய முடிந்ததை இன்று நம் ஊரில் ஏன் செய்ய முடியாது?

சிலர் கேட்பார்கள்: "ஆங்கிலத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? தமிழ் வழியில் படித்தது தாழ்வா?" தாழ்வே இல்லை. வரலாற்றைத் தமிழில் படித்ததால்தான் அது எனக்குப் புரிந்தது. சொல்லப்போனால் கேட்டுக் கற்பது தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் 40-ஆம் அதிகாரத்தைக் கல்விக்கு வைத்தார்; 42-ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கே தனியாக வைத்தார். தமிழைக் காதால் கற்ற நாம், ஆங்கிலத்தை மட்டும் ஏன் வாய்மூடிக் காதடைத்துக் கற்க வேண்டும்?

"ஓர் ஆசிரியருக்கு எழுபது மாணவர், தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அவர் என்ன செய்வார்?" என்பார்கள். நியாயமான கேள்வி. என் ஆசிரியர் மாலை ஆறு மணி வரை இருந்து எங்களுக்காக உழைத்தவர். குறை அவரிடத்தில் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் பத்து நிமிடம் ஒதுக்கி, எல்லாத் தேர்வறைகளிலும் ஒரே பத்தியைப் படித்துக் காட்டி ஐந்து வினாக் கேட்கட்டும். பத்தி வினாக்களில் பாதியாவது, வரியைப் பெயர்த்தெழுதி விடைகாண முடியாதவையாக இருக்கட்டும். மறு ஆண்டே வகுப்பறை மாறிவிடும் என்பது என் துணிபு.

அது வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று எங்கள் பேராசிரியர் சொல்லித்தந்த முறை எளியது. ஒரு சிறு ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இலேயே 'அமெரிக்காவின் குரல்' வானொலி, ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் நிறுத்தி, நிதானமாகச் செய்தி வாசிக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. கற்பவர் காதுக்கு அத்தகைய நடையே முதலில் ஏற்றது. எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டு, எதைப் பற்றியது என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரியே. பிறகு வினாக்களைப் படித்துவிட்டு மறுமுறை கேளுங்கள். மூன்றாம் முறை எழுத்தோடு ஒப்பிட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் காதுக்குத் தப்பிய சொற்களை அடிக்கோடிடுங்கள். கடைசியாக அதனோடு சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். வாசித்தலிலும் அப்படியே: வினாவை மறைத்துவிட்டு முழுப் பத்தியையும் படியுங்கள். தெரியாத சொல்லை முதலில் ஊகியுங்கள். அகராதி பிறகு வரட்டும். 'அது', 'அவர்கள்' என்று வரும் இடங்களில் எது, எவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு விடையை உங்கள் சொல்லில் எழுதுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நூறு நாளில் அது 25 மணி நேரம். பன்னிரண்டு ஆண்டுகளில் என் காதுக்குக் கிடைக்காத 25 மணி நேரம் அது!

இவ்வாண்டு ஆடி மாதத்திலிருந்து, என் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் நானும் நண்பர் இருவரும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பத்திகளைப் படித்துக் காட்டுகிறோம். பதினொருவர் வருகிறார்கள். எங்கள் உச்சரிப்பு உயர்ந்ததன்று. ஆகையால் கைப்பேசியில் ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டுகிறோம். முதல் வாரம் அவர்கள் தாளில் இருந்தவையும் இரண்டு மூன்று சொற்களே. கார்த்திகையில் ஒரு மாணவி, "அண்ணா, அந்தத் தாத்தாவுக்குக் குடை கடைசியில் கிடைச்சுதா?" என்று கேட்டாள். ஆம், அதே பத்திதான். கடைசி வரியை நான் வேண்டுமென்றே படிக்காமல் விட்டிருந்தேன். எங்கள் வினாத்தாளில் இல்லாத வினா அது. கதை புரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய வினா.

தோழர்களே! நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து, ஏதோ ஒரு பள்ளியிலிருந்து வந்தவர்கள். நாம் விட்டுவந்த பெஞ்சியில் இன்று ஒரு தம்பியோ தங்கையோ உட்கார்ந்து, ஆங்கிலச் சொல்லின் தலையில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். வாரம் ஒரு மணி நேரம் நாம் அங்கே போய் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், நாளை இக்கல்லூரியின் முதல் வார வகுப்பில் அவர் தாளில் இரண்டு சொற்களுக்கு மேல் இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டாவது ஒருவர் வந்தாலும் எங்கள் நூலகத்தில் இடம் இருக்கிறது.