எண்ணெய்ப் படலமும் எலிப்சோமீட்டரும்

மழை ஓய்ந்த மாலை வேளையில், சோழவரத்து ஜி.என்.டி. சாலையோரம் தேங்கிய நீரின்மேல், கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து பாரமேற்றி வரும் லாரிகள் சொட்டிச் சென்ற டீசல் பரவி, ஊதாவும் பச்சையும் செம்மையுமாக மினுங்குவதைக் காணாதவர் இவ்வட்டாரத்தில் எவருமிலர். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போகும் நமக்கு அது வெறும் அழுக்கு. ஆனால் அந்த வர்ணங்கள் டீசலிலும் இல்லை, நீரிலும் இல்லை. படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், உட்புகுந்து அடிமுகத்தைத் தொட்டு மீளும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது, படலத்தின் கனத்துக்கேற்பச் சில நிறங்கள் வலுக்கின்றன, சில நிறங்கள் மடிகின்றன. ஆகவே அந்த நிறமே ஓர் அளவுகோல்.

இதை நமக்குச் சொல்ல அந்நியர் வரவேண்டிய அவசியமில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்தபோதே, 1906-இல், ஒளியைப் பற்றித் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்ட சர் சி. வி. ராமன், நோபல் பரிசு பெற்ற பின்னரும், முத்துச்சிப்பியின் உட்புறத்து மினுமினுப்பை அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளின் லீலையாகக் கண்டு, அதைப் பல காலம் ஆராய்ந்தார். அவருடைய சகோதரியின் மைந்தர் பஞ்சரத்தினம், பெங்களூரிலிருந்த மாமனின் ஆராய்ச்சி நிலையத்தில், 1956-இல், இருபத்திரண்டே வயதில், துருவ ஒளியின், அதாவது அதிர்வுத் திசை ஒழுங்குபட்ட ஒளியின், கட்டத்தைக் (அலைநிலையைக்) குறித்துக் கண்ட உண்மையை உலகம் உணர முப்பது ஆண்டுகளாயின. அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

கண் காட்டும் நிறத்தை மட்டும் நம்பினால் மோசம் போவோம். கனம் கூடக்கூட முன் கண்ட நிறத்தையொத்த சாயலே மறுபடியும் தலைகாட்டக் கூடும். அதனால் விஞ்ஞானிகள் துருவ ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, பிரதிபலித்து வரும்போது, அதிர்வுத் திசையால் வேறுபட்ட அதன் இரு கூறுகளும் வலிமையிலும் கட்டத்திலும் எவ்வாறு வெவ்வேறாக மாறியுள்ளன என்று பார்த்து, அதிலிருந்து படலத்தின் கனத்தையும் ஒளிவிலகல் எண்ணையும் கணித்தெடுக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் பால் டிரூடே வகுத்த வழி இது. இவ்வழியில் அளக்கும் கருவிக்கு எலிப்சோமீட்டர் என்ற பெயர் 1945-இல் வழங்கலாயிற்று. இப்போது ஒற்றை உணர்விக்குப் பதிலாகக் கேமராவையே பொருத்திவிடுவதால், ஒரு புள்ளியின் அளவன்றி, பரப்பு முழுவதன் படமும் கிடைக்கிறது. பூச்சு எவ்விடத்தில் மெலிந்தது, எவ்விடத்தில் திரண்டது என்பதை நானோமீட்டருக்கும் குறைந்த நுட்பத்தில் அது காட்டிவிடும். சராசரிக் கணக்கு இந்தக் குறைகளையெல்லாம் நாகரிகமாக மூடி மறைத்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர், ஸ்ரீபெரும்புதூர் வரை போய்ப் பார்க்கலாம். பிள்ளைப்பாக்கத்தில் 2024-இல் திறக்கப்பட்ட சூரியத்தகடு ஆலை முழுவதும் கண்ணாடிமேல் படியும் மெல்லிய படலங்களையே நம்பி நிற்கிறது. பெரிய ஆலைகள் தமக்கு வேண்டிய சோதனைச்சாலைகளைத் தாமே அமைத்துக்கொள்ள வல்லவை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்க்கண்டிகையிலும், காக்களூரிலும் உள்ள சிறு தொழில்முனைவோர் என்ன செய்வார்? அவர் கையிலிருக்கும் திக்னஸ் கேஜ் பெயிண்டின் கனத்தை மைக்ரானில் சொல்லும். பத்து நானோமீட்டர்ப் படலத்தின்முன் அது ஊமை. மெல்லிய பூச்சுத் தொழிலில் இறங்க நினைப்பவர், மாதிரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி. போன்ற கல்விக்கூடத்துக்கு நகரத்தையே ஊடறுத்துச் செல்ல வேண்டும். அங்கே வெளியாருக்கும் கட்டணத்துக்குச் சோதனை செய்து தரும் கருவி நிலையம் இருப்பது பாராட்டத்தக்கதே. எனினும் பட்டறையில் இயந்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க எத்தனை பேரால் இயலும்?

ராமன் விளைவின் நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் மேடை போட்டு, மாலை சூட்டி, சொற்பொழிவாற்றுகிறோம். அந்த உற்சாகத்தில் ஒரு பங்கையேனும் கும்மிடிப்பூண்டியில் பொதுவான ஓர் ஒளியளவைக் கூடத்தை நிறுவுவதில் காட்டுமாறு சிப்காட் நிர்வாகத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். கருவியை வாங்கும் அன்றே அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் நியமியுங்கள். உறை பிரிக்காமல் மூலையில் கிடக்கும் கருவிகளை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.